ராமநாதபுரக் கடற்கரையில் இன்சுலினோடு வாழ்வது: வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

முதல் வகை நீரிழிவைப் பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, ஒரு நாளில் ஐந்தாறு முறை இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க மீட்டரில் செருகும் ஸ்டிரிப் வாங்கும் பணம் இருக்கிறது, மூன்று வேளையும் நேரத்துக்குச் சோறு கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டே எழுதப்பட்டவை. ராமேஸ்வரத் தீவின் தங்கச்சிமடத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகும் ஒருவரின் பிள்ளையான எனக்குப் பதினான்கு வயதில் இந்த நோய் வந்தபோது அந்த மூன்றில் ஒன்றும் எங்கள் வீட்டில் இல்லை. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நோய் முதலில் இருப்புக் கணக்கு, அதற்குப் பிறகுதான் மருத்துவம் என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டேன். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதே இந்த வழிகாட்டி. ஊசியின் அளவைத் தீர்மானிப்பவர் உங்கள் மருத்துவர். அந்த அளவு ஒரு நாளும் தவறாமல் உடம்புக்குள் போவதற்கான வழிகளை மட்டுமே நான் சொல்ல முடியும்.

முதல் படி: இது எந்த நோய் என்று வீட்டுக்குத் தெளிவாக்குதல்

பெரியவர்களுக்கு வரும் சுகரும் இதுவும் ஒன்றல்ல. இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினைக் கணையத்தில் சுரக்கும் செல்களை உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தவறுதலாக அழித்துவிடுவதால் வருவது இது. இனிப்புத் தின்றதால் வருவதில்லை. தாயின் கவனக்குறைவாலும் வருவதில்லை. விடாத தாகம், இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழித்தல், தின்றும் மெலிதல், சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றைக் கவனிக்காமல் விட்டால் வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சு வாங்குதலும் வரும். அப்போது வயிற்றுக் கோளாறு என்றோ காற்றுச் சேட்டை என்றோ நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போவதில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தானது.

1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சானும் அதற்கு முன்பும் இந்த மண்ணில் இருந்தவைதாம். ஆகவே “நாற்பத்தெட்டு நாள் சூரணம் சாப்பிட்டால் ஊசியை நிறுத்திவிடலாம்” என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும், ஊசியை நிறுத்தாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் சொந்தக்காரர்களின் மனம் கோணினாலும் பாதகமில்லை.

இரண்டாம் படி: இருப்புக் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகத் தரப்படுகிறது. பெரும்பாலும் கிடைப்பவை மூன்று: தெளிந்த நிறத்தில் இருக்கும் சாதாரண இன்சுலின், கலங்கலாக, மெதுவாக வேலை செய்யும் என்பிஹெச் இன்சுலின், இரண்டையும் முப்பதுக்கு எழுபது என்ற அளவில் கலந்த கலவை. இவை பத்து மில்லி குப்பியில் வரும். ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்பதால் ஒரு குப்பியில் 400 யூனிட் இருக்கும். நாளொன்றுக்கு உங்களுக்கு 40 யூனிட் தேவைப்பட்டால் ஒரு குப்பி பத்து நாளைக்கு வரும், மாதத்துக்கு மூன்று குப்பி வேண்டும். இரண்டு குப்பிதான் தந்தார்கள் என்றால், இருபத்தோராம் நாள் விடியும்போது ஊசி இருக்காது என்பதை அதே வரிசையில் நின்றுகொண்டே கணக்கிட்டு, மருந்தாளுநரிடம் அப்போதே மரியாதையாகக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் கையிருப்பு யூனிட், நாள் செலவு, தீரும் தேதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். தீரும் தேதிக்குப் பத்து நாள் முன்னால் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, அந்த நாளே மருத்துவமனைக்குப் போகும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் அலைவதற்குத்தான் அந்தப் பத்து நாள். தீவுக்காரர்களுக்கு ராமேஸ்வரம் அரசு மருத்துவமனை, அதைவிட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் மதுரை ராஜாஜி மருத்துவமனை என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. இரண்டில் உங்கள் பெயர் பதிவாகி, அதற்கான சீட்டு கையில் இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் உங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள். அவர் கொண்டுவருவது பெரும்பாலும் பெரியவர்களுக்கான மாத்திரைதான் என்றாலும், எந்த மருத்துவமனையில் எப்போது மருந்து வந்தது என்ற தகவல் அவர் வாயிலாக விரைவில் கிடைக்கும். கடைசியாக வெளிக்கடை: மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் வேண்டியது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

எங்கள் ஊர்க் கணக்கில் இரண்டு பருவங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீட்டில் அப்போது கையில் காசு இருக்காது. 2023-இல் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்ட நிவாரணத் தொகை கைக்கு வந்ததும், பழைய கடன்காரர் வாசலுக்கு வருவதற்குள், அதிலிருந்து இரண்டு பெட்டி ஸ்டிரிப்பும் சிரிஞ்சும் வாங்கிவிடும்படி வீட்டில் பேசி வையுங்கள். இரண்டாவது, ஐப்பசி, கார்த்திகைப் புயல் மாதங்கள். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு மருந்து தேடி அலையக்கூடாது. பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினால் தீவு தீவாகவே நின்றுவிடும். புரட்டாசி முடிவதற்குள் வழக்கத்துக்கு மேல் இரண்டு வார மருந்து வீட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: வெக்கையிலிருந்தும் ஐஸிலிருந்தும் காப்பாற்றுதல்

திறக்காத குப்பி இரண்டு முதல் எட்டு டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும். திறந்த குப்பியை நிழலான, அதிக வெப்பமில்லாத இடத்தில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம். கென்யாவின் அகதி முகாம் ஒன்றில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு, 25 முதல் 37 டிகிரிக்குள் ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் வீரியம் குறையாமலிருந்ததைக் காட்டியது. இதைச் சொல்வது, குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளை பயந்து சாகாமல் இருப்பதற்காகத்தான். தகரக் கொட்டகையின் உத்தரத்தில் செருகி வைப்பதற்கான அனுமதியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் என் அப்பத்தா செய்த ஏற்பாடு இது. அகலமான மண்சட்டியில் பாதிக்கு ஆற்றுமணல் போட்டு, நீர் தெளித்து, அதன் நடுவில் வாய் குறுகிய சிறிய கலயத்தைப் புதைத்து வைப்பார். குப்பிகளை ஒரு சில்வர் சம்படத்தில் போட்டு, மூடி, கலயத்துக்குள் இறக்கி, மேலே ஈரத் துணியைப் போர்த்துவார். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிப்பது என் வேலை. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் உள்நாட்டில் குளிர்வது போல இங்கே குளிராது. காற்றோடும் நிழலில், வடக்குப் பார்த்த திண்ணை ஓரமாக வைத்தால்தான் ஓரளவு பலன் கிடைக்கும். ஒரே ஒரு குப்பியை மட்டும் சட்டியில் வைத்துக்கொண்டு, மீதியைக் குளிர்சாதனப் பெட்டி இருக்கும் அண்டை வீட்டிலோ, பால் கடையிலோ, தேவாலயத்திலோ, பள்ளிவாசலிலோ பெயரெழுதிக் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. உறைபனித் தட்டில் வைக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல மறக்காதீர்கள்.

அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரை மாதம் வெக்கை தாங்காமல் அம்மா, “ஐஸ்ல வச்சா நல்லாருக்கும்லப்பா” என்று சொல்லி, மீன் ஐஸ் பெட்டிக்குள் இரண்டு குப்பிகளை நேராகப் புதைத்துவிட்டார். மறுநாள் எடுத்தபோது இரண்டும் கல்லாக உறைந்திருந்தன. வெயிலில் வைத்து உருகவிட்டு, பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று போட்டுக்கொண்டேன். இரண்டு நாளும் சர்க்கரை முந்நூற்றுக்குக் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் குப்பியை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தபோது உள்சுவரில் தூசு போலச் சிறு செதில்கள் ஒட்டியிருந்தன. ஒருமுறை உறைந்த இன்சுலின் மறுபடி இன்சுலின் ஆகாது. தூக்கி எறிய வேண்டியதுதான். ஐஸில் வைத்தே தீரவேண்டும் என்றால் துண்டில் சுற்றி, டப்பாவில் அடைத்து, ஐஸ் நேரே படாமல் வையுங்கள்.

நான்காம் படி: சிரிஞ்சும் ஊசி போடும் இடமும்

குப்பி இன்சுலினுக்குச் சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்ச். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடியுள்ளது. பேனாக் குழலில் வரும் மருந்து 100 யூனிட் செறிவுள்ளது. பேனா உடைந்துவிட்டது என்று அந்த மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! 40 யூனிட் குப்பி மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் இழுத்தால் எதிர்மாறாக 20-க்கு 8 தான் போகும். யாராவது அன்பளிப்பாக மருந்து தந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். காலாவதித் தேதி அதற்குப் பிறகு.

கலங்கல் மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாகப் பத்து இருபது முறை உருட்டுங்கள், குலுக்காதீர்கள். இரண்டு மருந்தை ஒரே சிரிஞ்சில் எடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் முதலில் தெளிந்தது, பிறகு கலங்கல். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி வயிற்றிலும், தொடையின் மேற்பக்கத்திலும் இடம் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கட்டி திரண்டுவிடும்; அதில் போடும் மருந்து ஒரு நாள் உள்ளே போகும், ஒரு நாள் போகாது.

சிரிஞ்ச் ஒரு முறைக்கானது. ஆனால் எங்கள் வீடுகளில் அது நடப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மறுமுறை பயன்படுத்தியே ஆக வேண்டிய நிலையில், அதே ஆள் மட்டும், உடனே மூடி போட்டு, ஊசியை ஸ்பிரிட்டால் துடைக்காமல், முனை மழுங்கியதும் மாற்றி, என்ற வரம்பைத் தாண்டாதீர்கள். இன்னொருவரின் சிரிஞ்சை, அவர் கூடப்பிறந்தவராகவே இருந்தாலும், தொடக்கூடாது. தீர்ந்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள். வெறுங்காலோடு கரைவலை இழுப்பவர்கள் நடக்கும் மணலில் எறிவது பாவம்.

ஐந்தாம் படி: குறைந்த ஸ்டிரிப்பில் அதிகம் தெரிந்துகொள்ளுதல்

உணவுக்கு முன்னும் பின்னும் 70 முதல் 180-க்குள் இருப்பது பொதுவான இலக்கு. நாளுக்கு இரண்டு ஸ்டிரிப் கிடைத்தால், காலை வெறும் வயிற்றில் ஒன்று கட்டாயம். மற்றொன்றை ஒரு நாள் மதியச் சோற்றுக்கு முன், மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன், அடுத்த நாள் படுக்கும்போது என்று சுற்றிவர வையுங்கள். ஒரே வாரத்தில் உங்கள் உடம்பின் போக்கு நோட்டில் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஐந்தாறு ஸ்டிரிப்தான் என்றால், நாளுக்கு ஒன்றாகச் சிதறவிடுவதைவிட ஒரே நாளில் வரிசையாகச் சோதித்து மருத்துவரிடம் காட்டுவதே பயன் என்பது என் எண்ணம். எந்த நிலையிலும் நான்கு ஸ்டிரிப்பைக் காய்ச்சலுக்கும் மயக்கத்துக்கும் என்று எடுத்து வையுங்கள்.

கடற்கரையில் ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து போட்டால் உப்புக் காற்றின் ஈரம் பட்டுக் கெட்டுவிடும். எடுத்த கையோடு மூடுங்கள். நுங்கு சீவிய கையோடும் பதநீர் பட்ட விரலோடும் சோதித்தால் இல்லாத சர்க்கரை இருப்பதாகக் காட்டும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை அரசு மருத்துவமனையில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: ரேஷன் அரிசியும் மீனும்

விலை உயர்ந்த சிறப்பு உணவு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் அளவு மாறக்கூடாது. சோறு நூறு கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வீட்டில் உள்ள ஒரே கிண்ணத்தை உங்களுக்கென்று ஒதுக்கி, ஒவ்வொரு வேளையும் அதே கிண்ணத்தால் அளந்தால், தராசு இல்லாமலே கணக்கு நிற்கும். சாளை, நெத்திலி, காரல், சூடை என்று கரையில் மலிவாகக் கிடைக்கும் மீனில் மாவுச்சத்து இல்லை. குழம்பில் மீனைக் கூட்டிச் சோற்றைக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள்.

சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பனங்காட்டு வீடுகளில் கருப்பட்டி சுகருக்கு நல்லது என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கருப்பட்டியும் சர்க்கரைதான், பதநீரும் அப்படியே. பனங்கிழங்கும் கேப்பைக் கூழும் மாவுச்சத்துள்ளவை, ஆகவே அவை சோற்றுக் கணக்கில் வர வேண்டும். கேப்பையைத் தின்றால் ஊசி வேண்டாம் என்பது வெறும் பேச்சு.

கலவை இன்சுலினும் சாதாரண இன்சுலினும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடப்படுபவை. வறுமை உள்ள வீட்டில் இதிலுள்ள ஆபத்து, போட்ட பிறகு சோறு இல்லை என்பது. உலையில் அரிசி விழுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள். ஒரு வேளை சோறு கிடைக்காது என்று முன்பே தெரிந்தால் எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் சில நாள் இரவு சாப்பிடுவதில்லை என்று சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவரை என் மருத்துவர் எழுதிய அளவெல்லாம் மூன்று வேளை தின்னும் ஒரு பிள்ளைக்கு எழுதியது.

கீழக்கரையிலும் தொண்டியிலும் உள்ள பிள்ளைகள் ரமலான் நோன்பைப் பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

ஏழாம் படி: சர்க்கரை இறங்கும்போது

எழுபதுக்குக் கீழே போனால் கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் இருட்டல், காரணமில்லாத கோபம் வரும். ஸ்டிரிப் இல்லையென்றால் சோதிக்கக் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு குடியுங்கள். தெளிந்ததும் கொஞ்சம் சோறோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். கடலை மிட்டாய் இதற்கு ஆகாது, அதிலுள்ள எண்ணெய் சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். சீனியை மூன்று மூன்று டீஸ்பூனாகப் பாலித்தீன் துண்டில் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஓரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் பட்டாலும் நனையாது. எனக்குத் தெரிந்தவற்றில் மிக மலிவான உயிர்காக்கும் மருந்து அதுதான்.

நினைவு தப்பினால் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வரும்வரை கன்னத்தின் உட்புறத்தில் சிறிது தேனோ குழைத்த சீனியோ தடவலாம். இதை உங்கள் வீட்டாருக்கும், கூடத் தொழிலுக்கு வருபவருக்கும், பள்ளியில் பக்கத்தில் உட்கார்பவருக்கும் இன்றே சொல்லி வையுங்கள்.

எட்டாம் படி: காய்ச்சல், வாந்தி நாட்கள்

“பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை, ஊசி எதற்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். மிக ஆபத்தான கேள்வி இதுதான். காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். ஊசியை அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் சேரும். மருத்துவர் சொல்படி அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் நிறுத்தக்கூடாது. 250-க்கு மேல் நின்றால் சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையால் சோதியுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குடித்த தண்ணீரும் வாந்தியாக வந்தாலோ, மூச்சு ஆழமாக வாங்கினாலோ, வாயில் அழுகிய பழ வாடை வந்தாலோ, மந்தமாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், “முதல் வகை நீரிழிவு, இன்சுலின் போடுகிறவர்” என்பதே. வயிற்றுவலி என்று மட்டும் சொன்னால் வேறு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஒன்பதாம் படி: கடல், பள்ளி, கல்யாணப் பேச்சு

கரைவலை இழுப்பதும், உப்பளத்தில் வாருவதும், தீவுப் பக்கம் பாசி எடுக்க மூழ்குவதும் சர்க்கரையை வேகமாக இறக்கும். வேலை முடிந்த அன்று இரவிலும் இறங்கும். தண்ணீருக்குள் மயங்கினால் சீனி மடிப்பு உதவாது. ஆகவே தனியாக மூழ்காதீர்கள், இறங்குவதற்கு முன் சோதித்துவிட்டு ஏதாவது தின்றுவிட்டு இறங்குங்கள். கடலடிப் பாறை கிழித்த கால் காயம் நமக்கு எளிதில் ஆறாது. வெறுந்துணி சுற்றுவதைவிட ரப்பர் செருப்பு மேல். விசைப்படகில் போகும் இளைஞர்கள், ஒரு நாளில் திரும்பிவிடுவோம் என்று கணக்கிடாமல், நான்கு நாளைக்கான மருந்தும் மருத்துவரின் சீட்டும் நீர் புகாத டப்பாவில் கொண்டு போக வேண்டும். இயந்திரம் பழுதாவதும், எல்லைப் பிரச்சினையில் பிடிபடுவதும் நம் கடலில் புதிதல்ல.

பள்ளியில் தலைமையாசிரியரிடம் மருத்துவர் கடிதத்தைக் கொடுத்து, ஊசி போட ஓர் இடமும், வகுப்பிலும் தேர்விலும் சீனி, பிஸ்கட், மீட்டர் வைத்துக்கொள்ள அனுமதியும் கேளுங்கள். இதற்கு அனுமதிக்கும்படி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் சர்க்கரை ஏறுவது உண்டு. நோட்டில் குறித்தால் அது பிடிபடும். கல்யாணம் தடைபடும் என்று நோயை மறைக்கச் சொல்லும் வீடுகள் பல. மறைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஊசியை எங்கே வைப்பது, எப்போது போடுவது, முதல் முறை மயங்கி விழும்போது என்ன சொல்வது? பேச்சு தொடங்கும்போதே சொல்லிவிடுவதே பிழைக்கும் வழி. கருத்தரிப்பதற்கு முன்பே சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகவும் அது தேவை.

ஆண்டுக்கொரு முறை கண், சிறுநீரில் புரதம், பாதம் மூன்றையும் அரசு மருத்துவமனையில் பார்த்துவிடுங்கள்.

பத்தாம் படி: சட்டைப்பைச் சீட்டு

தடித்த அட்டையில் எழுதி, செல்லோடேப் சுற்றி, எப்போதும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இருப்பது இவ்வளவுதான்:

“எனக்கு முதல் வகை நீரிழிவு. தினமும் இன்சுலின் போடுகிறேன். நான் தடுமாறினால் குடித்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். விழித்திருந்தால் பையிலுள்ள சீனியைக் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். என் இன்சுலினை நிறுத்தாதீர்கள்.”

அதன் பின்பக்கத்தில் மருந்தின் பெயரும், காலை, இரவு அளவும், அம்மாவின் போன் எண்ணும் இருக்கின்றன. அளவு மாறும்போதெல்லாம் அட்டையும் மாறுகிறது. இப்போது இருப்பது பதினேழாவது அட்டை.